ஜீரோ கண்

ஐந்தாம் வகுப்பு படித்த வருடத்தில் நான் ஒரு கண் கிளினிக்கின் உபகரணங்களில் ஒன்றாக இருந்தேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எனக்கு வேலை. சம்பளம், லஸ் முனையில் ஒரு ரோஸ் மில்க்.

கிளினிக் அபிராமபுரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. அம்மா கண் டாக்டர். அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு மற்ற எல்லா வேலையும். டோக்கன் கொடுப்பது, கருவி வாங்குவது, வாங்கிய கருவியைத் துடைப்பது, துடைக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் அதன் பெருமையைச் சொல்வது. அவரால் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. காத்திருக்கும் நோயாளிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். ஒருமுறை ஒரு பெரியவர், "தம்பி, நீங்க கொஞ்சம் உக்காந்தா எனக்குக் கண்ணு பாதி சரியாயிடும்" என்றார். மாமா சிரித்தார், நடப்பதை நிறுத்தவில்லை.

அந்த வருடம்தான் கிளினிக்குக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆட்டோ ரிஃப்ராக்டோமீட்டர் என்று அதற்கு ஒரு பெயர் இருந்தாலும் நோயாளிகளுக்கும் எங்களுக்கும் அது கம்ப்யூட்டர்தான். தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, உள்ளே பார்த்தால் நீளமாக ஒரு சாலை தெரியும். சாலையின் கடைசியில், கூடை தொங்கும் ஒரு பெரிய பலூன். பலூன் ஒரு கணம் மங்கும், பிறகு தெளியும். உடனே பக்கத்திலிருந்து ரசீது மாதிரி ஒரு சீட்டு வெளியே வரும். வலது கண்ணுக்கு இவ்வளவு பவர், இடது கண்ணுக்கு இவ்வளவு என்று அதில் அச்சாகியிருக்கும். வாசல் போர்டில் 'கண் பரிசோதனை' என்று இருந்ததற்கு முன்னால் மாமா 'கம்ப்யூட்டர்' என்று சேர்த்து எழுதவைத்தார்.

மெஷின் பழையது. புதிது வாங்கிய தி. நகர் டாக்டர் ஒருவரிடமிருந்து மாமா பேசி முடித்தது. அதைப் பொருத்திக் கொடுக்க ராயப்பேட்டையிலிருந்து பாய் மொபெட்டில் வந்தார். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை ஏழெட்டு கிளினிக்குகளின் கருவிகளை அவர்தான் பார்த்துக்கொண்டார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சர்வீஸ் சீட்டின் அடியில் அழகான கையெழுத்தில் எழுதுவார். அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பாய் மெஷின் வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். தெர்மாகோல் துண்டுகள் விழுந்தன.

"இதுகூட ஒரு மாடல் கண்ணு வரும் சார். கட்டைவிரல் சைஸ்ல, கறுப்பா. உள்ள லென்ஸ் இருக்கும், மேல பவர் எழுதிக்கீது. அத்த வச்சுப் பாத்தா அதே நம்பர் வரணும். வந்தா மெஷின் கரெக்டு. இதுல அத்தக் காணோம்."

"அது இல்லாம செக் பண்ண முடியாதா பாய்?"

"பவர் கரெக்டா தெரிஞ்ச கண்ணு எதுனா ஒண்ணு இருந்தா பாக்கலாம். மாடல் கண்ணு கெடைக்கிற வரைக்கும்."

அம்மா கண்ணாடி போட்டவள். மாமாவும் அப்படியே. பாய் கிட்டத்தில் பார்க்கச் சட்டைப் பையில் ஒன்று வைத்திருந்தார். மூன்று கண்ணாடிகளும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தன. எழுத்துப் பலகைக்குக் கீழே ஸ்டூல் போட்டு வீட்டுப்பாடம் எழுதுவது என் வழக்கம், அன்றும் எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட மெடிக்கல் ஃபாரத்துக்காகப் போன வாரம்தான் அம்மா என் கண்களைப் பார்த்திருந்தாள்.

"இவ ஜீரோ" என்றாள் அம்மா.

என்னை உட்காரவைத்தார்கள். பலூன் மங்கியது, தெளிந்தது. சீட்டில் இரண்டு கண்களுக்கும் பூஜ்யம் வந்தது. "சோக்கா கீது பாப்பா உன் கண்ணு" என்று பாய் என் தலையைத் தட்டினார். பள்ளிக்கூடத்தில் பூஜ்யத்துக்குக் கிடைக்கும் மரியாதை எனக்குத் தெரியும். அது வேறு மாதிரியும் இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

கிடைக்கிற வரைக்கும் என்று பாய் சொன்னது காற்றோடு போயிற்று. மாடல் கண்ணை யாரும் தேடவில்லை. வீட்டிலேயே ஒன்று இருக்கும்போது எதற்கு என்று மாமா கேட்டார். அது சோறு தின்று வளரும் பொருள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லை.

ஞாயிறுகளில் நடந்தது இதுதான். பாய் முதலில் மெஷினின் உறையை எடுத்து பால்கனியில் உதறுவார். தாடைத் தாங்கியை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார். ரப்பர் குமிழை அமுக்கி லென்ஸ் மேல் காற்றடித்து, அதற்கென்று இருக்கும் மெல்லிய தாளால் உள்ளிருந்து வெளியே வட்டமாக ஒற்றி எடுப்பார். ஈரத்தை இழுக்கும் சின்னப் பொட்டலங்களை மாற்றுவார். கடற்கரை அத்தனை பக்கத்தில் இருந்தால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும் என்று மாதா மாதம் சொல்வார். பிறகு என்னைப் பார்த்து, "வா பாப்பா, டூட்டிக்கு" என்பார். வரும் சீட்டை மாமா வரவேற்பறை பலகையில் குத்திவைப்பார். நோயாளிகள் அதைப் பார்க்கவேண்டும். ஐந்து மாதத்தில் அங்கே ஐந்து சீட்டுகள், பத்து பூஜ்யங்கள். மாமா பேனாவால் ஒவ்வொரு சீட்டின் தலையிலும் என் பெயரை எழுதியிருந்தார்.

ஆறாவது சீட்டு குத்தப்படவில்லை. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் அரை என்று வந்தது.

"தாடையச் சரியா வைக்கல" என்றார் மாமா. வைத்தேன். மறுபடியும் அரை. அம்மா உள்ளறையிலிருந்து வந்து என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரின் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிக்கச் சொன்னாள். படித்தேன். ஒரு கண்ணை மூடிப் படித்தேன், மறு கண்ணை மூடிப் படித்தேன்.

"இவ கண்ணு நல்லாத்தான் இருக்கு. மெஷினப் பாரு" என்று அம்மா போய்விட்டாள். வெளியே ஒரு கண்புரை நோயாளி சொட்டு மருந்து போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

அன்று அந்த வரியை நான் பார்த்துப் படித்தேனா, தெரிந்ததைச் சொன்னேனா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் அந்தப் பலகையின் நிழலில் உட்கார்ந்தவள் நான். தமிழ்ப் பலகை, ஆங்கிலப் பலகை, எண் பலகை மூன்றும் எனக்கு வாய்ப்பாடு மாதிரி. வாயைத் திறந்தால் வரும்.

அடுத்த மாதம் முக்கால். அதற்கடுத்த மாதம் ஒன்று. அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பில் கரும்பலகையைப் பக்கத்திலிருந்தவளின் நோட்டில்தான் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் யாராவது கை காட்டிய பிறகு நானும் காட்டினேன். வீட்டில் டி.வி.க்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தேன். "பின்னாடி போ, என்ன பழக்கம் இது" என்று அம்மா திட்டினாள். ஒரு கண் டாக்டர் அதை ஒழுக்கப் பிரச்சினையாகவே பார்த்தாள். மாதா மாதம் என் கண்ணைப் பார்க்கிறார்களே என்ற தைரியம் அவளுக்கு. அவர்கள் பார்த்தது மெஷினை.

சொல்லியிருக்கலாம். பலகையில் குத்திய பத்து பூஜ்யங்களையும் வரவேற்பறையில் என் பெயரையும் நினைத்துக்கொண்டு சொல்லவில்லை.  முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமைகளில் சாப்பாடு இறங்கவில்லை. மெஷினுக்குள் இருந்த பலூன் மட்டும் எனக்கு எப்போதும் தெளிவாகத் தெரிந்தது. பார்க்கிறவரின் பவருக்கு ஏற்ப அது தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பது அப்போது தெரியாது. அந்த வருடத்தில் நான் தெளிவாகப் பார்த்த ஒரே தூரத்துப் பொருள் அது. அதன் கயிறுகளைக்கூட எண்ணினேன்.

பாய் மெஷினைக் கழற்றிப் பார்த்தார், பூட்டினார். லென்ஸைத் துடைத்தார். ஸ்டெபிலைசரை மாற்றினார். தன் கண்ணை வைத்துப் பார்த்தார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லன்னா எப்படி பாய்? மாசா மாசம் ஏறுது பாருங்க. அரை, முக்கால், ஒண்ணு. கெட்டுக்கிட்டே போகுது."

"கெட்டா இப்டி வரிசையா கெடாது சார். தாறுமாறா கெடும்."

"அது உங்க மெஷின். இது என் மெஷின், ஒழுங்காத்தான் கெடும்" என்றார் மாமா. பாய் சிரிக்கவில்லை.

ஒன்றேகால் வந்த மாதம் மாமா புது மெஷின் வாங்க முடிவெடுத்தார். அதன் பிறகு பத்து நாட்கள் கிளினிக் ரயில்வே பிளாட்பாரம் மாதிரி இருந்தது. இரண்டிரண்டு பேராகப் படிகளில் மெஷின்களைத் தூக்கிவந்தார்கள். டை கட்டிய விற்பனைப் பிரதிநிதிகள் வியர்வையைத் துடைத்தபடி பின்னால் வந்தார்கள். மாமா நல்ல கேள்விகள்தான் கேட்டார். உதிரி பாகம் சென்னையிலேயே கிடைக்குமா, வடக்கிலிருந்து வரவேண்டுமா? கரண்ட் போய்ப் போய் வந்தால் தாங்குமா? சின்னக் குழந்தைக்குத் தாடை எட்டுமா, எழுந்து நிற்க முடியாதவருக்கு மேசை இறங்குமா? சீட்டுக் காகிதம் எந்தக் கடையிலும் கிடைக்குமா, அவர்களிடம்தான் வாங்கவேண்டுமா? எல்லாவற்றையும் நடந்துகொண்டே கேட்டு, நடந்துகொண்டே நோட்டில் எழுதினார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

முதல் மெஷின் எனக்கு மைனஸ் ஒன்றரை என்றது.

"இதுவும் தப்பு" என்றார் மாமா.

"சார், இது புத்தம் புதுசு" என்றார் டை கட்டியவர்.

"புதுசுலயே தப்புன்னா பழசானா?"

இரண்டாவது மெஷினும் ஒன்றரை என்றது. மாமா அந்த இருவரையும் அனுப்பிவிட்டு, "எல்லாம் ஒரே இடத்துல லென்ஸ் வாங்கறானுங்கக்கா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ஒரு நோயாளியின் இமையைத் திருப்பிப் பிடித்திருந்தாள். "நீயே பாத்து முடி. எனக்கு இங்க நேரம் இல்ல" என்றாள்.

மூன்றாவது மெஷின் மழையில் நனைந்து லோடு ஆட்டோவில் வந்தது. தி. நகரில் பழைய கருவிகளைச் சரிசெய்து விற்கும் ஒருவருடையது. மேல் மூடியில் ஒரு கீறல். சாலைக்குப் பதில் ஒரு வயல், பலூனுக்குப் பதில் சிவப்புக் கூரை போட்ட வீடு. தாடையை வைத்தேன். வீடு மங்கியது, தெளிந்தது.

பூஜ்யம். இரண்டு கண்ணுக்கும்.

மாமா நடப்பதை நிறுத்தினார். "பாத்தியாக்கா!" என்று உள்ளறையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

எனக்கு எதுவும் புரியவில்லை. கண் தானாகச் சரியாகிவிட்டதோ என்று சீட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடி எதிர்வரிசைக் கடைகளைப் பார்த்தேன். போர்டுகள் நேற்று எப்படிக் கரைந்திருந்தனவோ அப்படியே கரைந்திருந்தன.

விலை பேசி முடிக்க இரண்டு நாள் இருந்தது. விஷயம் கேள்விப்பட்டு பாய் போன் செய்து, பழைய மெஷினை ஒரே ஒருமுறை பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை மதியம் வந்தார். அம்மா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். மாமா கீழே டீக்கடையில். கிளினிக்கில் நான் மட்டும்.

பாய் சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவில் கறுப்பாக ஒன்றை எடுத்தார். அதன் வாலில் பச்சை டேப் சுற்றியிருந்தது.

"இன்னான்னு சொல்லு பாப்பா?"

"மாடல் கண்ணா?"

"உன் ஆளுதான். பெரம்பூர்ல ஒருத்தர்ட்ட கெஞ்சி வாங்கினேன்."

அதைத் தாடைத் தாங்கியில் நிறுத்தி, பழைய மெஷினின் பொத்தானை அழுத்தினார். அதன் மேல் எழுதியிருந்தது மைனஸ் ஐந்து. சீட்டில் மைனஸ் ஐந்து. மறுபடி அழுத்தினார். ஐந்து. மூன்றாவது தடவையும் ஐந்து. மூன்று சீட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தார். அவர் முகத்தில் ஒரு மாதமாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அந்தத் தெளிவு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"இங்க வா" என்று பால்கனிக்குக் கூட்டிப்போனார். "எதிர்ல இன்னா போர்டு அது?"

"வள்ளி ஸ்டோர்ஸ். பக்கத்துல ஜெராக்ஸ். அதுக்குப் பக்கத்துல லேடீஸ் டைலர்" என்றேன். தெரு முழுவதும் எனக்கு மனப்பாடம்.

"அது சரி. அந்தக் கம்பத்துல ஒரு பேனர் கட்டிக்கிறாங்களே, அது?"

அன்று காலையில்தான் கட்டியிருந்தார்கள் போலிருக்கிறது. பெரிய மீசையோடு ஒரு முகம், சுற்றிலும் பூக்கள், கீழே வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள், மேலே கொட்டை எழுத்தில் ஏதோ இரண்டு சொற்கள். எங்கள் தெருவில் பேனர் என்றால் என்னவாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா?

"பிறந்தநாள் வாழ்த்து" என்றேன்.

 கீழே இரண்டு பேர் அந்தப் பேனரின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்போதுதான் அந்த முகத்துக்கு மாலை போட்டிருந்தது எனக்கு உறைத்தது. கண்ணீர் அஞ்சலி.

"எத்தினி நாளா?" என்றார்.

"தெரியல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன், இல்லை என்று. காலை மாற்றி மாற்றி நின்றேன். கம்பியைப் பிடித்தேன், விட்டேன். மாமா படியேறும் சத்தம் கேட்டது. அவருடைய செருப்புச் சத்தம் எல்லோருக்கும் தெரியும். இரண்டிரண்டு படியாகத்தான் ஏறுவார். பின்னால் சாயங்கால டோக்கனுக்கு வந்த மூன்று நோயாளிகளும் ஏறினார்கள்.

பாய் உள்ளே போய் மேசையிலிருந்த சீட்டுகளைக் கசக்கிப் பைக்குள் போட்டார். மாடல் கண்ணும் அதோடு போயிற்று.

"என்ன பாய், என்ன ஆச்சு?" என்றார் மாமா.

"பாத்தேன் சார்."

"பாத்து?"

பாய் என்னை ஒருமுறை பார்த்தார். "ஒண்ணும் புரியல சார்."

"நாலு மாசமா துடைக்கிறீங்க, கழட்டறீங்க, மாட்டறீங்க. இப்ப புரியலங்கிறீங்க. அந்த மெஷின் வந்து அஞ்சு நிமிஷத்துல ஜீரோ காட்டுது. நீங்க பாக்கற எல்லா எடத்துலயும் இப்படித்தான் பாக்கறீங்களா?" நோயாளிகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இனிமே சர்வீஸ் அவங்களே பண்றாங்களாம். நீங்க வரவேணாம்."

பாய் தன் பையை எடுத்துக்கொண்டார். படியில் நான் பின்னால் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை, நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். மொபெட்டை உதைப்பதற்கு முன்னால் அவர் சொன்னார்: "அம்மாகிட்ட நீயே சொல்லிடு பாப்பா. சீக்கிரம் சொல்லு. கண்ணு விஷயம், இன்னா?"

சரி என்றேன். சொல்லவில்லை.

மாமா அத்தோடு விடவில்லை. மந்தைவெளியிலும் அடையாறிலும் தான் சிபாரிசு செய்திருந்த இரண்டு டாக்டர்களுக்குப் போன் செய்து, பாய் இப்போதெல்லாம் சரியாகப் பார்ப்பதில்லை என்று சொன்னார். அந்தப் போன்களை நான் எழுத்துப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து கேட்டேன். பென்சிலைச் சீவினேன். மறுபடி சீவினேன். அந்த வாரத்தில் ஒரு முழுப் பென்சில் தீர்ந்தது.

புது மெஷின் வந்து முதல் நாளே அம்மா முகம் சுளித்தாள். கம்ப்யூட்டர் சொல்லும் நம்பரோடு அவள் நிறுத்துவதில்லை. வெறும் கண்ணாடிச் சட்டத்தில் ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு, இப்ப தெரியுதா, இப்ப, என்று கேட்டுத்தான் கண்ணாடி எழுதுவாள். அதனால் யாருக்கும் தப்பான கண்ணாடி போகவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் இருமடங்கு நேரம் ஆனது. வரிசை படிவரை நின்றது.

"என்னடா இது, வர்ற ஆளுக்கெல்லாம் பிளஸ் காட்டுது? ஒண்ணரை ஒண்ணரையா குறைக்க வேண்டியிருக்கு."

"புதுசுக்கா. செட் ஆகணும்."

"மெஷின் என்ன மருமகளா செட் ஆக?"

"ஜீரோவ ஜீரோன்னு காட்டின ஒரே மெஷின் இதுதான்க்கா. நீயும்தான் பாத்த."

முதல் ஞாயிறு வந்தது. என்னை உட்காரவைத்தார்கள். பூஜ்யம். மாமா சீட்டைக் கொடி மாதிரி தூக்கிக் காட்டிவிட்டுப் பலகையில் குத்தினார். எனக்கு ரோஸ் மில்க் கிடைத்தது. பாதியை டம்ளரிலேயே விட்டேன்.

இன்னும் ஒரு வாரம் கழித்து அம்மாவுக்குப் பொறுமை போயிற்று. முதல் ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் கிளினிக் கிடையாது; இருந்தும் அந்த ஞாயிறு மாமாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு கிளினிக்கைத் திறந்தாள். அறைக்கு நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒண்ணு யோசி. ஒரு மாசமா இந்த மெஷின் நான் பாத்த அத்தனை பேருக்கும் ஒண்ணரை தப்பா காட்டுது. சரியா?"

"நீ சொல்ற."

"அத்தனை பேருக்கும் தப்பு. இவ ஒருத்திக்கு மட்டும் எப்படி சரி?"

 நடந்துகொண்டிருந்த மாமா நின்றார். அவர் நின்ற இடத்தை இப்போதும் காட்டுவேன்.

அம்மா விளக்கை அணைத்தாள். இழுப்பறையிலிருந்து அந்தச் சின்ன டார்ச்சை எடுத்தாள். ரெட்டினாஸ்கோப்; அதற்கு என்னிடம் கேள்வி எதுவும் கிடையாது. கண்ணுக்குள் ஒரு வெளிச்சக் கோட்டை ஓட்டி, திரும்பி வரும் கோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று டாக்டர் பார்ப்பார். நான் எதையும் படிக்கவேண்டியதில்லை, எதையும் சொல்லவேண்டியதில்லை. அதனால் பொய்யும் சொல்ல முடியாது. கோடு இப்படிப் போயிற்று, அப்படிப் போயிற்று. அம்மாவின் மூச்சு என் முகத்தில் பட்டது. கொஞ்ச நேரம் அது படவில்லை.

லென்ஸ் ஒன்றை என் கண்முன் வைத்தாள். எடுத்தாள். இன்னொன்று வைத்தாள். விளக்கைப் போட்டு, மேசையிலிருந்த அன்றைய பேப்பரை எடுத்துக்கொண்டு எதிர்ச்சுவருக்குப் போய், எழுத்துப் பலகையை மறைத்து விரித்துப் பிடித்தாள்.

"தலைப்பப் படி."

எழுத்து இருந்தது தெரிந்தது. என்ன எழுத்து என்று தெரியவில்லை. பழக்கத்தில் வாய் தானாகப் பலகையின் முதல் வரியைச் சொல்ல ஆரம்பித்தது. இரண்டு எழுத்தோடு நின்றது.

"ஒண்ணரை" என்றாள் அம்மா. என்னைத் திட்டவில்லை. பேப்பரை மடித்தாள், நான்காக, எட்டாக, இனி மடிக்க முடியாது என்கிற வரைக்கும். "என் கண்ணு முன்னாடி, மாசா மாசம்" என்று மட்டும் சொன்னாள்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப பாய்" என்றார். அதற்கு மேல் அந்த வாக்கியம் போகவில்லை.

மறுநாளே எனக்குக் கண்ணாடி வந்தது. வேப்பமரத்துக்குத் தனித்தனியாக இலைகள் இருந்தன. மாமா ராயப்பேட்டைக்கு இரண்டுமுறை போய், இரண்டாவது முறை பாயைப் பார்த்து வந்தார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. மந்தைவெளிக்கும் அடையாறுக்கும் அவர் மறுபடி போன் செய்தார். அடையாறில் அதற்குள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு பாய் வந்தார். நான் பால்கனியில் நின்று, தெருமுனையிலேயே அவர் முகத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். நடந்து வந்தார்.

"வண்டி எங்க பாய்?" என்றார் மாமா.

"குடுத்துட்டேன் சார். நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்றாங்கோ."

மாமா மூலையிலிருந்த பழைய மெஷினின் உறையைத் தானே எடுத்து, பால்கனியில் தானே உதறினார். பாய் அதை மேசையில் ஏற்றித் துடைத்தார், காற்றடித்தார், லென்ஸை ஒற்றினார். பிறகு சட்டைப் பையிலிருந்து மாடல் கண்ணை எடுத்துத் தாங்கியில் நிறுத்தினார். மேலே மைனஸ் ஐந்து. சீட்டிலும் மைனஸ் ஐந்து.

அம்மா சீட்டை வாங்கிப் பார்த்தாள். மாமா அந்தக் கறுப்புக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத அன்னிக்கே காட்டியிருக்கலாமே பாய். இவ்ளோ தூரம் வந்திருக்காதே."

"அன்னிக்கு எங்கிட்ட இல்லயே சார்" என்றார் பாய், துணியை மடித்துக்கொண்டே. "இப்பத்தான் கெடச்சுது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கிட்டத்தில் எனக்கு எப்போதும் நன்றாகத் தெரியும், கண்ணாடிகூட வேண்டாம். அதே கறுப்பு. வாலில் அதே பச்சை டேப். ஒரு முனை பிரிந்திருந்தது, அன்றும் அப்படித்தான் பிரிந்திருந்தது. பாய் என் பக்கம் திரும்பவில்லை.

அவர் கிளம்பும்போது, லஸ் பஸ் நிறுத்தம் வரை கூடப் போகிறேன் என்று நானும் கிளம்பினேன். வழியெல்லாம் போர்டுகளைப் படித்துக்கொண்டே போனேன். நிறுத்தத்தில் நின்றபோது கேட்டேன்.

"அன்னிக்கு உங்க பையில இருந்துச்சே பாய். ஏன் பொய் சொன்னீங்க?"

"பஸ் வருது பாரு பாப்பா. இன்னா நம்பரு?"

பஸ் அப்போதுதான் முனை திரும்பிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தில் இருந்த யாரும் இன்னும் கழுத்தை நீட்டவில்லை. "29சி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஏறினார்.

திரும்பி வரும்போது மனது ஒரு வருடத்தில் முதல்முறையாக லேசாக இருந்தது. பெரியவர்களும் மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பொய் சொல்லத்தான் செய்கிறார்கள். நான் மட்டும் இல்லை. பாய் எதில் மாட்டிக்கொள்ளப் பயந்தார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் பச்சை டேப்பைப் பற்றி அம்மாவிடமோ மாமாவிடமோ வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். பல வருடங்கள் திறக்கவும் இல்லை. அன்று மொபெட் பக்கத்தில் அவர் சொன்னதும், நான் அதை அம்மாவிடம் சொல்லாமல் விட்டதும் அவர்களுக்குத் தெரியவே இல்லை. அவரை நான்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.